தலையணைக்கடியில் ஆறு காப்பிக்கொட்டை

என் அருமைப் பொய்ச்சாட்சிக்காரி லில்லிக்கு,

பரலோகத்தில் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். எங்கே போனாலும் முன்வரிசையில் இடம் பிடித்துவிடுகிறவள் நீ. நான் இங்கே சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணம் நீ. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் கல்லறைக்கே வந்து சண்டை போட்டிருப்பேன். ஆனால் அது ஏற்றத்தில் இருக்கிறது. என் முட்டி புதுசு. தவிர, நீ பொய் சொன்னது சபைக்கு முன்னால், மைக்கில். நான் மட்டும் எதற்காக உன் காதோடு ரகசியமாகக் கேட்க வேண்டும்? எல்லோரும் படிக்கட்டும்.

ஆமாம், நானும் வலது முட்டியை மாற்றிக்கொண்டேன். இரண்டரை மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை "எப்ப எஸ்தரு பண்ணிக்கப்போற?" என்று என்னை நச்சரித்தாய். போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் நீ போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. சேலம் பஸ்ஸில் ஏறுவதற்குள் கண்டக்டர் முன்னால் இழுக்க, பின்னால் யாரோ ஒரு புண்ணியவான் தள்ள, நடுவில் நான் கத்த... அந்தக் காட்சியை இனி ஊர் பார்க்காது. நடக்கிறேன். பழைய வலி போய்விட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தூக்கம் எங்கேடி?

உனக்கு மறந்திருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், உன் ஆபரேஷன் முடிந்த மூன்றாவது மாதம். நம் சபையில் வயிற்றைக் கிழித்தாலும் முட்டியை மாற்றினாலும், எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லியாக வேண்டும். நீ மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் போனாய். கைத்தடியை வேண்டுமென்றே பெஞ்சில் விட்டுவிட்டுப் போனாய். நாடகக்காரி.

"ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்கு வந்த மொத ராத்திரியே கர்த்தர் எனக்கு நல்ல தூக்கத்தக் குடுத்தாருங்க. தலகாணியில தல வெச்சா, விடிஞ்சுதானுங்க கண்ணு முழிப்பேன்."

சபை 'ஸ்தோத்திரம்' என்றது. முன் பெஞ்சில் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னேன்.

இப்போது என் கதையைக் கேள். மல்லாந்துதான் படுக்க வேண்டும். ஐம்பத்தேழு வருஷம் ஒருக்களித்தே படுத்த உடம்பு இது. குதிகாலுக்குக் கீழே தலையணை வைக்கலாம், முட்டிக்குக் கீழே வைக்கக் கூடாது என்று பிசியோதெரபிப் பெண் போட்ட கண்டிஷன். பகலெல்லாம் சாதுவாக இருக்கிற முட்டி, விளக்கை அணைத்ததும் அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகச் சுடும். அதற்கு ஐஸ் வைக்க வேண்டும். ஏற்காட்டு மார்கழியில், லில்லி! தலையில் மங்கி குல்லா, மேலே இரண்டு கம்பளி, முட்டியில் ஐஸ் பொட்டலம். பக்கத்தில் என் வீட்டுக்காரர், எந்த ஆபரேஷனும் ஆகாத மனிதர், எஸ்டேட் லாரி கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற மாதிரி குறட்டை விடுவார்.

ஒரே லாபம் ஜன்னல். நம் தெருவில் யார் வீட்டு விளக்கு எத்தனை மணி வரை எரிகிறது, பால்காரர் விடிவதற்கு முன்னால் கேனோடு குழாயடியில் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறார், எல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. இவ்வளவு சரக்கு வைத்திருக்கிறேன், கேட்க நீ இல்லை. அதுவும் ஓர் ஆத்திரம்.

காலை பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கண் செருகும். சரியாக அந்த நேரம் பார்த்து பிரெட்டும் சாத்துக்குடியுமாக ஜெபம் பண்ண வருவார்கள். எழுப்பி உட்காரவைத்து, நன்றாகத் தூங்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் போவார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரே கேள்விதான்: "தூக்கமெல்லாம் எப்படிங்க்கா? லில்லியக்கா மொத நாளே தூங்கிட்டாங்களே!"

செத்த பிறகும் நீதான் கிளாஸில் ஃபர்ஸ்ட்.

மாரமங்கலத்து ராகேல்கூட வந்தாள். காப்பித் தோட்டத்துச் சரிவில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவாளே, அவளேதான். இரண்டு முட்டியும் போய்விட்டது. "உங்க சாட்சியக் கேட்டுப்போட்டுத்தானுங்க்கா நானு முடிவு பண்ணுவேன். உங்களுக்கு நல்லபடியா இருந்தா எனக்கும் இருக்குமுங்க" என்றாள். "நல்லாத் தூங்கறேன் கண்ணு" என்றேன், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

முதலில் வெட்கத்தில்தான் அப்படிச் சொன்னேன். போகப்போக பயத்தில் சொன்னேன். உனக்கு வந்த தூக்கம் எனக்கு வரவில்லை என்றால் என் ஆபரேஷனில் கோளாறு, இல்லாவிட்டால் என் ஜெபத்தில் கோளாறு. ஊர் வம்பு பேசின வாய்க்குக் கிடைத்த கூலி என்றுகூட நினைத்தேன். சேலத்தில் டாக்டரே கேட்டார். துணைக்கு வந்த மாதர் சங்கத்துக்காரிகள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடமும் "நல்லாத் தூங்கறேன் சார்" என்றேன். டாக்டரிடம் பொய் சொன்ன முட்டாள் நான். சொல்லவைத்தவள் நீ.

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பாய். சிரி. உன் வாக்கரை உன் வீட்டுக்காரர் தேவராஜ் அண்ணன்தான் எனக்குக் கொடுத்தனுப்பினார். அதன் கம்பியில் நீ ரவிக்கைத் துணியில் தைத்துக் கட்டிய சுருக்குப் பை. திறந்தால் ஆறு காப்பிக்கொட்டை, ஆறு மிளகு. ஆஹா, இதுதான் லில்லியின் தூக்க மருந்து என்று முடிவு கட்டினேன். யாரோ கைவைத்தியம் சொல்லியிருக்கிறார்கள், சபையில் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிட்டாள் என்று நினைத்து, அந்தப் பையைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தேன். மூன்று வாரம்! வைத்தால் மட்டும் போதாதோ என்று ஒரு மிளகை மென்றும் பார்த்தேன். அந்த இருமலில், வரவிருந்த கொஞ்சத் தூக்கமும் ஓடிவிட்டது.

ஒரு மத்தியானம் தேவராஜ் அண்ணன் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரர் மரியாதைக்குத் தலையணையைத் தட்டிப் போட, பை கீழே விழுந்தது. அண்ணன் குனிந்து எடுத்துப் பிரித்தார்.

"ஏனுங் அம்மிணி, இது எங்க தாயக் காயுங்களாச்சே! ஊடு பூராத் தேடிட்டிருந்தேன். மிளகு ஒண்ணு கொறையுதே?"

மிளகு போன இடத்தை நான் சொல்லவில்லை.

"தாயமா? யாருங்ணா ஆடுனது?"

"நானும் லில்லியுந்தானுங். முட்டி மாத்திட்டு வந்து அவ எங்கீங் தூங்குனா? ரெண்டு மாசம் என்னையும் தூங்க உடலீங். எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர் வேலைய உட்டு வந்து எத்தன வருசமாச்சு, எழுப்பறப்ப மட்டும் 'ரைட்டரே, எந்திரிங்க, ஒரு ஆட்டம்'ம்பா. அவளுக்குக் காப்பிக்கொட்ட, எனக்கு மிளகு. நொம்ப அழுகுணி ஆட்டமுங் அவளுது."

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சூதாட்டம் கூடாது என்று வகுப்பெடுத்தவள் நீ!

"அப்பறம் எதுக்குங்ணா சபையில அப்படிச் சொன்னா?"

அண்ணன் எழுந்து நழுவப் பார்த்தார். நான் வாக்கரைக் குறுக்கே நிறுத்தினேன்.

"நெசத்தச் சொல்லத்தானுங் போனா. மைக்குக்கு முன்னால நின்னதும் உங்களப் பாத்துட்டா. ஊட்டுக்கு வந்து சொன்னா: 'எஸ்தரு முட்டியத் தடவிட்டு உக்காந்திருந்தாளுங்க. தூங்கலேன்னு சொன்னா அந்தப் பயந்தாங்கொள்ளி ஜென்மத்துக்கும் பண்ணிக்க மாட்டா.'"

யாருடி பயந்தாங்கொள்ளி?

சரி, நான்தான். பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தபோது பெஞ்சுக்கடியில் ஒளிந்தவள் நான்தான். காட்டிக்கொடுத்தவள் நீதான். ஆனால் பயப்படுகிறவளிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்று உனக்கு யார் சொன்னது? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தூக்கம் வராத அந்த நாற்பது நாளும் எனக்கு வலி மட்டும்தான் இருந்திருக்கும். பயம் இருந்திருக்காது.

அதுகூடப் போகட்டும். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நாலு வீடு. இரண்டு மாதம் நீ முழித்து உட்கார்ந்திருந்திருக்கிறாய். நாலு வீடு தள்ளி நான் மடச்சி மாதிரித் தூங்கியிருக்கிறேன். ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? போன ஜென்மத்து முட்டியை இழுத்துக்கொண்டாவது வந்திருப்பேனே. உன் அழுகுணி ஆட்டத்தைக் கையும் களவுமாகப் பிடித்திருப்பேனே. அந்த ராத்திரிகளை என்னிடமிருந்து திருடிக்கொண்டு போய்விட்டாயே, லில்லி. இப்போது என்னோடு உட்கார்ந்து உருட்ட யார் இருக்கிறார்கள்? பதில் சொல்ல மாட்டாய். செத்தவர்களுக்கு அது ஒரு சௌகரியம்.

மறுநாளே டாக்டருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். "எல்லாருக்குமே இப்படித்தாம்மா. ரெண்டு மூணு மாசம் தூக்கம் கெடும். மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். வலி மாத்திரையைப் படுக்கப்போகிற நேரத்துக்கு மாற்றினார். பகலில் அரை மணிக்கு மேல் தூங்கக் கூடாது. மத்தியானத்துக்கு மேல் காப்பி கூடாது. காப்பி மலையில் உட்கார்ந்துகொண்டு! இப்போது ஒரே மூச்சில் நாலு மணி நேரம் தூங்குகிறேன்.

எல்லோருக்கும் இப்படித்தானாம். அந்த எல்லோரும் எங்கே? உனக்குப் பிறகு நம் சபையில் முட்டி மாற்றிக்கொண்ட அத்தனை பேரும் முதல் ராத்திரியே தூங்கினதாகத்தானே சாட்சி சொன்னார்கள்?

போன ஞாயிறு என் முறை. மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். முன் பெஞ்சில், அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், ராகேல். இரண்டு கையாலும் முட்டியைத் தடவிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உண்மையைச் சொல்லி இவள் பயந்துவிட்டால், மிச்ச ஆயுசும் நண்டாகத்தான் இறங்குவாள். சத்தியமாகச் சொல்கிறேன், உன் பொய் அப்படியே என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "மொத ராத்திரியே..." என்று ஆரம்பித்தும்விட்டேன்.

பிறகு உன்மேல் இருந்த கோபம் காப்பாற்றியது.

"மொத ராத்திரியே தூக்கம் வல்லீங்க. ரெண்டாவது ராத்திரியும் வல்லீங்க. நாப்பது நாளு வல்லீங்க. நல்லாத் தூங்கறேன்னு உங்க எல்லார்த்துகிட்டயும் பொய் சொன்னேனுங்க. லில்லியும் தூங்கலீங்க. தாயம் உருட்டிட்டிருந்தாளுங்க. ஆனா நானு இப்ப நடக்கறேனுங்க. நாலு மணி நேரம் தூங்கறேனுங்க. ஆருக்காச்சும் தூக்கம் வல்லீன்னா என்னையக் கூப்புடுங்க."

ஒரு ஸ்தோத்திரம் இல்லை. ஆயர் இருமினார். தேவராஜ் அண்ணன் கீழே ஏதோ விழுந்த மாதிரிக் குனிந்துகொண்டார். பாடகர் குழுவிலிருந்து, போன வருஷம் முட்டி மாற்றிய கமலா டீச்சர், "எனக்கும் வல்லீங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கையிலும் ஒரு மைக் இருந்தது.

வெளியே வந்ததும் ராகேல் என் கையைப் பிடித்தாள். கெடுத்துவிட்டேன், இவளை விரட்டிவிட்டேன் என்று எனக்கு உதறல்.

"ஏனுங்க்கா, எனக்குத் தாயம் தெரியாதுங்களே" என்றாள். "பல்லாங்குழின்னா பரவால்லீங்களா?"

மிளகு பறிப்பு முடிந்ததும் அவளுக்கு ஆபரேஷன். உன் வாக்கர் மாரமங்கலம் பஸ்ஸில் போகும். கூடவே நானும் போவேன், பல்லாங்குழிப் பலகையோடு. முதல் வாரம் அவள் வீட்டில்தான் எனக்கு ஜாகை. சுருக்குப் பையை மட்டும் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். குறைந்த மிளகையும் போட்டுவிட்டேன்.

இதனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. இன்னும் என் இடது முட்டி பாக்கி இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். நான் அங்கே வந்து சேர்கிற அன்றைக்கு எனக்கு வரவேற்பெல்லாம் வேண்டாம். தரையைப் பெருக்கிக் கட்டம் போட்டு வை. இந்த முறை காப்பிக்கொட்டை எனக்கு, மிளகு உனக்கு. உன் ஆறு காயையும் வெட்டாமல் உன்னைத் தூங்கவிட மாட்டேன். இது சத்தியம். மைக் இல்லாமல் சொல்கிறேன், நம்பு.

இப்படிக்கு,
நாலு வீடு தள்ளி முழித்திருக்கும்,
உன் கூடப்பிறக்காத தங்கை
எஸ்தர்