பாதி விலைக்குக் கேட்ட படகு

ஹானி,

நம் பிள்ளைகள் கடலில் சிரிக்கப்போகும் சிரிப்புக்கு விலை தொண்ணூறாயிரம். நான் கேட்ட விலைதான்.

நீ வேண்டாம் என்றாய். கழன்றுகொள்ளத்தான், ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொன்ன பழைய இரட்டை மிதவைப் படகைப் பாதிக்குக் கேட்டேன். பெசன்ட் நகர் தேவராஜ் சட்டென்று, "இன்னா பாய், நீயே எடுத்துக்கோ" என்று கையைப் பிடித்துவிட்டார். கேட்ட விலைக்குக் கொடுத்த பிறகு, பாண்டி பஜார் கடைக்காரன் நான் எந்த முகத்தோடு பின்வாங்குவேன்?

மீதிப் பணத்துக்கு நாலு மணிக்கு வருவார். பீரோ சாவி உன்னிடம். டீயாவது கொடு.

மீன் குழம்பு ஃப்ரிட்ஜில்.

பி.கு: ஒரு மிதவை கசியுமாம். கை கொடுத்த பிறகுதான் சொல்கிறார்.

கணக்கு: முன்பணம் பத்தாயிரம் கொடுத்தாயிற்று. பாக்கி எண்பதாயிரம். உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு, முழுவதும் பாக்கி.

சமத்