முட்டை வரை ஒரு நேர்கோடு

டிசம்பர் 5, வியாழன்

காற்றாலையில் பதினேழாம் எண் விசிறி நின்றுபோனது. சென்சார் கோளாறு. நாற்பது நிமிடத்தில் முடித்தேன். அதைவிடக் கடினமான வேலை மாலையில் நூலகத்தில் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது.

வேறு வழியில்லை. நூலகர் க்ளெனிஸ்தான் கடற்கரைப் பறவைக் குழுவுக்கும் தலைவி. அவருடைய சட்டம்: கோடை வாசிப்புக் கூட்டத்துக்கு வராதவர்கள் பறவைக் கூட்டுப் பக்கம் போகக் கூடாது. இங்கே டிசம்பரில்தான் கோடை. இந்த முறை காட்டுயிர்ப் புத்தகங்கள். எனக்குப் புத்தகம் வேண்டாம், கேமரா வைக்க அனுமதி வேண்டும். கருந்தலை உப்புக்கொத்தி ஜோடி ஒன்று, கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டுக்குத் தெற்கே மூன்று முட்டை இட்டிருக்கிறது. கூடு என்றால் மணலில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். நான்கு வருடமாக இந்தக் கரையில் ஒரு குஞ்சும் உயிரோடு பறந்ததில்லை.

எனக்குக் கடற்கரைப் பறவைகள் பற்றிய தடிப் புத்தகம் வந்தது. அதே புத்தகம் பள்ளி பஸ் ஓட்டும் மெர்வுக்கும். முதல் இருபது பக்கமும் ஆசிரியர் தன் சின்ன வயதுக் கடலை நினைத்து உருகுகிறார். மூடிவிட்டேன்.

டிசம்பர் 7, சனி

கேமரா வைத்தாயிற்று. கூட்டிலிருந்து மூன்று மீட்டர். அசைவு தெரிந்தால் பதினைந்து விநாடி பதிவு. உப்புக்காற்றில் பேட்டரி ஒரு நாள்தான் தாங்கும். தினமும் மாற்ற வேண்டும்.

டிசம்பர் 12, வியாழன்

மெர்வ் வாசித்தார். பதிமூன்று வயதில் பள்ளியை விட்டவர், ஐம்பதில்தான் எழுத்து கற்றாராம். வரிக்கு அடியில் விரலை வைத்துத் தள்ளுகிறார். 'கூட்டைப்... பார்க்க... நடந்து... போகிறவர்கள்...' என்று ஆரம்பித்து, அடுத்த சொல்லில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"மெர்வ், நீங்க முடிக்கறதுக்குள்ள முட்டை பொரிஞ்சு, குஞ்சு பறந்து, அதுக்குப் பென்ஷனே வந்துடும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். க்ளெனிஸ்கூட வாயைப் பொத்திக்கொண்டார். மெர்வ் புத்தகத்தை மூடினார்.

"சரிப்பா. உனக்கு அவசரம்."

ஆமாம், அவசரம்தான். பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

படிக்கட்டிலிருந்து கேமரா வரை நேராக நடந்தால் தொண்ணூறு அடி வைப்பு. போகவும் அதே தடம், திரும்பவும் அதே தடம். க்ளெனிஸ் சொல்கிற மாதிரி தண்ணீர் ஓரமாகச் சுற்றிப் போனால் இருநூற்றுப் பத்து. எதற்கு?

டிசம்பர் 19, வியாழன்

மெர்வ் கூட்டத்துக்கு வரவில்லை. வழியில் கடற்கரையில் பார்த்தேன். அவருடைய கிழ நாய் பிப் கயிறில்லாமல் முன்னால் ஓடுகிறது.

"கயிறு எங்க?"

"பிப்பா? அது முட்டைய என்னப்பா பண்ணும்? அதுக்கு வாயில மொத்தமே நாலு பல்லு."

"போர்டு வெச்சிருக்கோம். நாய்க்குப் படிக்கத் தெரியாது, ஒத்துக்கறேன். ஓனருக்காவது தெரியணும்ல?"

அவர் முகம் போன போக்கு! நாய்க்குக் கயிற்றை மாட்டி இழுத்துக்கொண்டு போனார். சரியான இடத்தில் அடித்திருக்கிறேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

முட்டைகள் இல்லை. மூன்றும்.

பள்ளம் கலைந்து கிடக்கிறது. தாய்ப்பறவை தண்ணீர் ஓரம் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. கையிலிருந்த பேட்டரியை மணலில் வீசினேன். இன்னும் ஒன்பது நாள் — ஒன்பதே நாள்!

கார்டில் நாலாயிரத்துச் சொச்சம் பதிவு. காற்றில் புல் அசைந்தால்கூட எடுத்திருக்கிறது. கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்த்தேன். பத்தாவது பதிவிலேயே கிடைத்தது. காலை 6.10. பிப். கயிறு இல்லை. மூக்கைப் பள்ளத்துக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது.

ஊரின் இணையப் பக்கத்தில் அந்தப் பதிவை ஏற்றிவிட்டேன். 'மூன்று முட்டை. ஒரு நாய். ஒரு போர்டைக்கூடப் படிக்க முடியாத ஓனர்.' பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை.

டிசம்பர் 23, திங்கள்

இருநூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டம். 'சுட்டுத் தள்ளுங்க அந்த நாயை' என்பதற்கு மட்டும் எழுபது பேர் கைதூக்கியிருக்கிறார்கள். யாரோ மெர்வ் வீட்டு வேலியில் முட்டை அடித்திருக்கிறார்கள். கோழி முட்டை. அதைப் படம் வேறு எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. பொய் சொல்வானேன்.

டிசம்பர் 26, வியாழன்

பிப் செத்துவிட்டது. நேற்று, கிறிஸ்துமஸ் அன்று மதியம், மெர்வ் வீட்டுத் தோட்டத்தில். நரிக்கு வைக்கிற விஷத்தை சாசேஜுக்குள் திணித்து யாரோ வேலிக்கு மேலே வீசியிருக்கிறார்கள். சாக இரண்டு மணி நேரம் ஆனதாம். மிருக வைத்தியர் லீவு.

நான் வீசவில்லை. எழுத மட்டும்தான் செய்தேன்.

டிசம்பர் 27, வெள்ளி

மீன் வறுவல் கடையில் வரிசையில் நின்றேன். கடைக்காரர் கேட்காமலேயே ஒரு கரண்டி சிப்ஸ் அதிகம் போட்டார். கண்ணடித்தார். "நீ எழுதினதுல ஒண்ணும் தப்பில்ல, மச்சி."

வாங்கிக்கொண்டேன். தின்றேன்.

ஜனவரி 3, வெள்ளி

க்ளெனிஸ் அறிக்கைக்கு முழுப் பதிவும் கேட்டார். இன்று விடுமுறை. முதலிலிருந்து ஓடவிட்டேன்.

22ஆம் தேதி, அதிகாலை 3.41. நரி. வாலைத் தாழ்த்தி, மூக்கை மணலில் வைத்துக்கொண்டு, படிக்கட்டுப் பக்கமிருந்து வருகிறது. வளையவில்லை, தேடவில்லை. என் பூட்ஸ் தடத்தின் மேலேயே, ஒரு தடம் விடாமல். 3.43, முதல் முட்டை. 3.44. 3.46. பறவை அதன் முகத்துக்கு எதிரே ஒற்றைச் சிறகை ஒடிந்த மாதிரி இழுத்து இழுத்து ஓடிக் காட்டுகிறது. நரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிப் வந்தபோது பள்ளம் காலியாகி இரண்டரை மணி நேரம்.

அன்றைக்குப் பத்துப் பதிவு பார்த்தேன். பத்து! காற்றாலையில் ஒரு பழுதை இப்படிப் பார்த்திருந்தால் எவனையாவது கொன்றிருப்பேன் —

ஜனவரி 4, சனி

மெர்வ் வீட்டுக்குப் போனேன். வேலியில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே கூப்பிடவில்லை. சொன்னேன். நரி, நேரம், தடம், எல்லாம்.

"தெரியும்பா."

"எப்படி?"

"அன்னிக்குக் காலையிலயே பாத்தேன். உன் பூட்ஸ், அது மேல நரிக்கால். படியிலேர்ந்து முட்டை வரைக்கும் ரயில் தண்டவாளம் மாதிரி. பிப் அதைத்தான் மோந்துகிட்டு இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"எங்க சொல்ல? நான் ஒரு வரி அடிக்கறதுக்குள்ள நீங்க இருநூறு பேரு அடிச்சு முடிச்சிட்டீங்க."

உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். மூலை மடித்த பக்கம். முப்பத்தொன்று. "அன்னிக்கு நான் நிறுத்தின இடம். நீ வேகமாப் படிப்பியே, படி."

'கூட்டைப் பார்க்க நடந்து போகிறவர்கள் கூட்டோடு நின்றுபோகும் தடத்தைப் போடக் கூடாது. அதைத் தாண்டி நடந்துகொண்டே போக வேண்டும். ஒரே வழியில் திரும்பக் கூடாது. நரி நம் தடத்தைத் தொடரும்.'

படிக்க எட்டு விநாடி ஆனது. மெர்வ் கதவைச் சாத்திவிட்டார்.

ஜனவரி 6, திங்கள்

நரிப் பதிவை ஊர்ப் பக்கத்தில் ஏற்றி, தவறு என்னுடையது என்று எழுதினேன். பதினோரு பேர் பார்த்தார்கள். ஒருவர்: 'மெர்வ் பாவம்னு கம்ப்யூட்டர்ல பண்ணிருப்பான்.' இன்னொருவர்: 'நாயும் தின்னிருக்கும்.' மற்றவர்கள் படகுப் போட்டி பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜனவரி 9, வியாழன்

நூலகத்தில் நின்று சொன்னேன். அறிக்கை மாதிரித்தான் சொல்ல வந்தது, வேறு மாதிரி எனக்கு வராது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் திட்டவும் இல்லை. க்ளெனிஸ் மட்டும், "கார்டை மேசையில வெச்சிட்டுப் போ, கண்ணு" என்றார்.

ஜனவரி 12, ஞாயிறு

அதே ஜோடி மறுபடி முட்டையிட்டிருக்கிறது. இந்த முறை இரண்டு. காவலுக்கு மெர்வைக் கேட்டிருக்கிறார் க்ளெனிஸ். வருகிறேன் என்றாராம், ஒரே நிபந்தனையோடு: "அவன் மணல்ல கால் வைக்கக் கூடாது."

சரி என்றேன். கேமரா வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி 25, சனி

கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறேன், விடுமுறை நாளெல்லாம். நாயோடு வருகிறவர்களிடம் கயிறு மாட்டச் சொல்வது என் வேலை. ஒருத்தி, "நீதான அந்த மெர்வ் நாயப் பத்தி எழுதினவன்? சூப்பர்!" என்று கைகொடுத்தாள். அவள் நாய்க்குக் கயிறு இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று இருபத்தெட்டாவது நாள். பொரிய வேண்டிய நாள். எட்டு மணியிலிருந்து நின்றேன்.

பத்தரைக்கு மெர்வும் க்ளெனிஸும் படியேறி வந்தார்கள். மெர்வின் முழங்காலெல்லாம் மணல். க்ளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். எதற்கு என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. என் பக்கத்தில் வந்ததும் நின்று வாயைத் திறந்தார்.

"டீ ஆறிடும், வா" என்று க்ளெனிஸைக் கூப்பிட்டார் மெர்வ்.

போய்விட்டார்கள். நாலடி நடந்து படிக்கட்டின் மேல்படியில் நின்றாலே கூடு தெரியும். அங்கே மணல் இல்லை, மரப்பலகைதான். போகவில்லை. பன்னிரண்டு மணி வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.