இரண்டு முகடுள்ள உன் சூத்திரம்

அன்பு மகளுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம், என் வயிற்றெரிச்சல் ஒன்றைத் தவிர. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிர் அறையை மாற்றினாயா என்று எழுது. மகள் பெயர் எடுத்தால் பெற்ற வயிறு குளிரும் என்கிறார்கள், எனக்குக் குளிரவில்லை. இந்தத் துறைமுகத்தில் அலை உயரம் சொல்ல இத்தனை வருடமும் என் சூத்திரம்தான். இங்கே அடிக்கிற காற்று எவ்வளவோ அவ்வளவு அலை, வரைபடக் கோட்டில் ஒரே முகடு. நீ வந்து, எங்கோ தூரத்துப் புயல் கிளப்பிய நீண்ட அலையும் சேர்ந்து வரும், ஆகவே முகடு இரண்டு என்று எழுதிவிட்டாய். எல்லாரும் உனக்குக் கை தட்டுகிறார்கள்.

போன வாரம் நடந்ததைக் கேள். காற்று துளிகூட இல்லை. அக்கரை போக ஆட்கள் வரிசையில் நிற்க, அப்பா படகை எடுக்கத் தயாராக இருந்தார். என் சூத்திரம் கால் மீட்டர்கூட வராது என்றது, தாராளமாகப் போகலாம். உன்னுடையது மூன்றரை என்றது. அப்பா போன் செய்தார். இத்தனை காலம் என்னோடு குடும்பம் நடத்திய மனுஷன் கேட்டது என்ன தெரியுமா, "உன் கணக்கு இருக்கட்டும், பாப்பா கணக்கு என்ன சொல்லுது?" என்று. எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கடலில் போகிறவர் அவராயிற்றே, உன் எண்ணைத்தான் அறிவிப்புப் பலகையில் போட்டுப் படகை நிறுத்தினேன். "காத்தே இல்ல, அலை எங்கம்மா?" என்று பயணிகள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அப்பா மாடியேறி என் அறைக்கு வந்தார். இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்றோம். அலை வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன் மகளே. ஊரே என்னைக் காறித் துப்பட்டும், நீ தோற்றால் போதும் என்றிருந்தது. மத்தியானம் அலை வந்தது. தடுப்புச் சுவரைத் தாண்டி வந்து, கட்டிக் கிடந்த காலிப் படகைத் தூக்கிக் கல்லில் மோதியது. அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாப்பா என்னைப் பொழைக்க வச்சிட்டா" என்றார். பலகையில் போட்டவள் நான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நேற்று, இனி உன் சூத்திரத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆறுதல் சொல்லி எழுதாதே. "எல்லாம் உன்கிட்ட கத்துக்கிட்டதுதாம்மா" என்று ஆரம்பித்தால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, இன்னும் பெரிய பெயர் எடு. ஒன்றை மட்டும் மறக்காதே. துறைமுக வாயிலில், ஆழம் குறைகிற இடத்தில், உன் சூத்திரம் அலையைக் கூட்டிக் காட்டுகிறது. நீ மூன்றரை என்றாய், கடலில் மிதக்கும் அளவுகருவி மூன்றுதான் காட்டியது. அந்த அரை மீட்டர் பிழையை நீ தொடாதே. அது எனக்கு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா