பர்னோ எடுத்துப்போன குழாய்

ஷெராபாத்
மே 19

என் கண்ணு பர்னோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி எல்முராதும் கூண்டுகளில் இருக்கிற நூற்றுப் பதினோரு பாம்புகளும் அல்லாஹ் கிருபையால் நன்றாக இருக்கிறோம், புடாபெஸ்டில் நீ நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜைத் திறந்து மூடியே பொழுது போகிறதா, எழுது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய், கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் எனக்குக் கேட்காது, அதனால்தான். எங்கள் பாம்பு நிலையத் தலைவர் ரஜப் அகாவின் மருமகன் அந்தப் பக்கம் வேலைக்கு வருகிறான், அவன் கையில் இதையும் உலர்ந்த ஆப்ரிகாட் இரண்டு கிலோவையும் கொடுத்தனுப்புகிறேன். பயந்துவிடாதே, இது சந்தோஷக் கடிதம். சந்தோஷத்தில் கையெழுத்தே கோணிக்கொண்டு போகிறது பார். ஆனால் அதற்கு முன்னால் நான் செய்த மடத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்று அப்பாவையும் தம்பியையும் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தேன்.

எல்முராதின் சிறுநீரக நோய்க்கென்றே ஒரு மாத்திரை வந்திருக்கிறது, தாஷ்கண்டில் சோதித்துப் பார்க்கிறார்கள், இடம் கொஞ்சம்தான், ஓடுங்கள் என்று பிப்ரவரியில் நீதானே சொன்னாய். ஓடினோம். டாக்டர் லோபர் ஸாபிரோவ்னா எல்லாம் பார்த்துவிட்டு, "பையனோட கிட்னி இன்னும் பாதி வேலை செய்யுது, இப்பவே பிடிச்சா காப்பாத்திடலாம், விட்டா ரெண்டு வருஷத்துல மெஷின்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, காலையில் எழுந்தால் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கி நிற்கிறான், எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். கடைசியாக ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைதான் பாக்கி இருந்தது, ரத்தத்தில் கிருமி வராமல் காவல் காக்கிற அந்த நிரப்புப் புரதங்கள் எவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்று பார்ப்பது. அதற்காக இன்னொரு முறை எழுநூறு கிலோமீட்டர் வர வேண்டாம், ஊரிலேயே எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்து, உறையவைத்து அனுப்புங்கள், தெர்மெஸில் செய்து தருவார்கள் என்று சொல்லி ஒரு பெட்டியும் குழாய்களும் கொடுத்தனுப்பினார். எனக்கா தெர்மெஸ்? இருபத்தேழு வருடமாக விஷம் கறந்து, சுழற்றி, உலர்த்துகிறவள் நான். நிலையத்து நர்ஸ் ரத்தம் எடுத்துக் கொடுத்தாள், நான் சுழற்ற உட்கார்ந்தேன். அவர்கள் கொடுத்த பிளாஸ்டிக் குழாய் ஒல்லிக்குச்சி, எங்கள் இயந்திரத்துக் குழியில் உட்காராமல் ஆடுகிறது. சரிதான் போ என்று நம் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சுழற்றி, மேலே தெளிந்ததைத் திரும்பவும் அவர்கள் குழாயில் ஊற்றி மூடி அனுப்பினேன். நீ இப்போது எழுந்து நின்று கத்துகிறாய் என்று எனக்குத் தெரியும். உட்கார். மூன்று முறை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்த குழாய் அது, அதில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து லோபர் ஸாபிரோவ்னா போன் செய்தார். "ஹோசியத் ஓபா, வருத்தமா இருக்கு. உங்க பையன் ரத்தத்துல நிரப்புப் புரதம் துளிகூட வேலை செய்யலை. குறைவா இருந்தாத்தான் எங்க மாத்திரைக்கான நோய், சுத்தமா இல்லேன்னா அது பிறவிக் கோளாறு. இந்த மாத்திரை எதைத் தடுக்கும்? அவருக்கு இடம் கொடுக்க முடியாது, திங்கட்கிழமை அடுத்தவரைக் கூப்பிடணும்" என்றார். அன்றைக்கு ராத்திரி நீ கேட்டபோது முடிவு இன்னும் வரவில்லை என்றேனே, அது பொய். என் வாயால் உன்னிடம் சொல்ல முடியவில்லை. எல்முராத் மட்டும் சிரித்தான். "என் ரத்தத்துல காவல்காரன் ஒருத்தன்கூட இல்லியாம்மா, எல்லாரும் லீவு போட்டுட்டு பைசூன் மலைக்குப் போயிட்டானுங்க" என்று சொல்லிவிட்டு, நான் பார்க்காத நேரம் உப்புப் போட்டுக் காய்ச்சிய தயிர்க் குர்த் உருண்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். உப்பு ஆகாது ஆகாது என்று தலையில் அடித்துக்கொண்டாலும் கேட்பதில்லை அவன். அடுத்த நாள் வேலையில் ஒரு சுருட்டைவிரியன் என் கையுறையைக் கடிக்கப் பார்த்தது, மயிரிழையில் தப்பினேன். ரஜப் அகா கதவைத் திறந்துவிட்டு, "கை நடுங்குற ஆளு பாம்பு அறைக்குள்ள நிக்கக்கூடாது. வீட்டுக்குப் போ ஹோசியத், போய் அழுதுட்டு வா" என்றார். அழத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மருத்துவக் காகிதங்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி மேலே போட்டுவிடலாம் என்று பீரோ இழுப்பறையைத் திறந்தேன். அடியில் உன் நோட்டுப் புத்தகம். மூன்று வருடத்துக்கு முன்னால் நீ உன் ஆராய்ச்சியை முழுக்க நம் பேச்சில், அம்மாவுக்குப் புரிகிற மாதிரி, கைப்பட எழுதி அனுப்பினாயே, அதுதான். பர்னோ, நான் அதைப் பிரிக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் படித்தேன் படித்தேன் என்று உன்னிடம் சொன்னதும் பொய். நீ போன கோபம் எனக்குத் தீரவில்லை. என் இடத்தில் நீ நிற்பாய் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன், நீ ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். பாம்பைப் பிடிக்கப் பயந்துதான் குழாயைப் பிடித்தாய் என்று பஸ் நிலையத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

அன்றைக்குத் தரையிலேயே உட்கார்ந்து படித்தேன். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய் கழுதை. நிரப்புப் புரதங்கள் ரத்தத்தின் காவல்காரர்கள், ஒருவன் அடுத்தவனை எழுப்புவான், வேலை முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போவான். எல்முராதின் ரத்தத்தில் ஏதோ ஒன்று அந்தக் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால் காவல்காரர்கள் ஓயாமல் எழுந்து வந்து சொந்த வீட்டையே, சிறுநீரகத்தையே, அடித்து நொறுக்குகிறார்கள். இதே வேலையைச் செய்கிற ஒரு பொருள் நம் நாகப்பாம்பின் விஷத்திலும் இருக்கிறது, இன்னும் பிடிவாதமாகக் கதவைப் பிடிக்கும், ரத்தத்தில் இருக்கிற புரதம் அத்தனையும் தீர்ந்து போகும்வரை விடாது என்று எழுதியிருந்தாய். நான் கையால் கறந்த விஷம், கண்ணால் பார்த்த மஞ்சள் பொடி, இத்தனை வருடத்தில் இது தெரியாது எனக்கு. அப்புறம் பதினான்காம் பக்கம். அங்கே போன முதல் வருடம் உன் ஒரு வாரச் சோதனை முழுவதும் பாழாகிப் போனது, ஏன் என்று யாருக்கும் புரியவில்லை, கடைசியில் பார்த்தால் ஒரே ஒரு குழாயால் வந்த வினை, அது அம்மா நாகப்பாம்பு விஷத்துக்கென்று வைத்திருக்கிற நாக வரிசைக் குழாய், ஊரிலிருந்து கிளம்பும்போது கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தேன், அம்மா ஞாபகம் வந்த அன்றைக்கு அதில் வேலை செய்தேன், எத்தனை முறை கழுவினாலும் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது அந்த விஷம், அழவும் முடியவில்லை சிரிக்கவும் முடியவில்லை என்று எழுதியிருந்தாய்.

எல்முராதின் ரத்தத்தை நான் ஊற்றிச் சுழற்றியதும் அதே நாக வரிசைக் குழாயில்தான்! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எல்முராத் ஓடி வந்தான். "காவல்காரன் லீவுல போகலைடா, நான்தான்டா விஷத்தை விட்டுத் தின்ன வச்சேன், நான்தான்டா" என்று அவனைப் பிடித்து உலுக்கினேன், பிள்ளை எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தான். அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை விடியற்காலையில் அப்பாவின் வேனில் கிளம்பினோம். ஊர்விட்டுப் போகிறவர் ஒரு கடி கடித்து வைத்தால் அந்த ரொட்டி அவரைத் திரும்ப அழைத்து வரும் என்பார்களே, போன தடவை புறப்படும்போது எல்முராத் அப்படிக் கடித்து வைத்த ரொட்டி, மாத்திரை கிடைத்த பிறகுதான் தின்பேன் என்று விட்டதால், ஆணியில் அப்படியே தொங்கியது, வந்து மீதியைத் தின்பேன் என்று அதைத் தட்டிவிட்டுப் போனான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லோபர் ஸாபிரோவ்னாவின் அறை வாசலில் உன் நோட்டோடு நின்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன், எனக்கு வெட்கமாவது மண்ணாவது. அவர் பதினான்காம் பக்கத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஹோசியத் ஓபா, இருபது வருஷமா டாக்டரா இருக்கேன், பையன் ரத்தத்துல நாகப்பாம்பு விஷத்தைக் கலந்து அனுப்பின ஒரே அம்மா நீங்கதான்" என்றார். திட்டினாரா சிரித்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை. அடுத்தவரைக் கூப்பிட இருந்த போனை மட்டும் கீழே வைத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே, அவர்கள் குழாயிலேயே ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் மதியம் முடிவு வந்தது. குறைவு, ரொம்பக் குறைவு, ஆனால் இருக்கிறது! பிள்ளையின் ரத்தம் மோசமாக இருக்கிறது என்று சொன்னதற்கு ஆஸ்பத்திரி நடைபாதையில் குதித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

முதலில் மூளைக்காய்ச்சல் வராமலிருக்கத் தடுப்பூசி போட்டார்கள், இரண்டு வாரம் பொறுத்து மாத்திரை. இந்த மாத்திரை காவல்காரர்களின் கையைக் கட்டுவதால் கிருமி வந்தால் தடுக்க ஆள் குறைவு, காய்ச்சல் என்றால் அரை மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அதை அவன் எல்லாச் சட்டைப் பையிலும் இருக்கும்படி நகல் எடுத்துத் தைத்து வைத்திருக்கிறேன், கிண்டல் செய்கிறான், செய்துவிட்டுப் போகட்டும். நேற்றோடு ஐந்து வாரம். சிறுநீரில் போகிற புரதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று லோபர் ஸாபிரோவ்னா சொன்னார், இன்னும் நாள் இருக்கிறது, ரொம்ப ஆடாதீர்கள் என்றும் சொன்னார். நான் ஆடாமல் எப்படி இருப்பேன்? கணுக்காலில் விரலால் அழுத்தினால் முன்பெல்லாம் குழி விழும், இப்போது விழவில்லை. முகத்தில் தாடை எலும்பு தெரிகிறது. ஊருக்கு வந்த அன்றே ஆணியிலிருந்து ரொட்டியை இறக்கித் தேநீரில் நனைத்து, கல்லாகக் காய்ந்ததைத் துளி விடாமல் தின்றான், நானும் அப்பாவும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ரஜப் அகாவிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆறு வருடத்துக்கு முன்னால் நாக வரிசையில் ஒரு குழாய் குறைந்தபோது நீங்கள்தான் உடைத்தீர்கள் என்று பாவம் அந்த மனுஷனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். "திருடி உன் வீட்டுலயே வளர்ந்திருக்கா, என்னைப் போய்ச் சொன்னியே" என்று நிலையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும் இப்போது ரத்தத்துக்கென்று தனிக் குழாய், தனி வாளி வைத்துவிட்டேன். நோட்டை முழுக்கப் படித்து முடித்தேன், முப்பத்தொன்றாம் பக்கத்தில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம், சுருட்டைவிரியன் விஷத்தைப் பற்றி நீ எழுதியது சரியில்லை, நேரில் வா, காட்டுகிறேன். பஸ் நிலையத்தில் சொன்னதற்கு அம்மாவை மன்னித்துவிடு. நீ பயந்து ஓடவில்லை, உன் தம்பி உயிரைப் பிடிக்கத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறாய், எனக்குத்தான் தெரியவில்லை.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன் கை பட்டதெல்லாம் துலங்க வேண்டும், அல்லாஹ் உன்னை எனக்குப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். குளிருக்குக் கம்பளிக் காலுறை போடு. நீ கடித்து வைத்துப் போன ரொட்டி ஆறு வருடமாக அதே ஆணியில் இருக்கிறது, எவ்வளவு கோபமாக இருந்த நாளிலும் நான் அதைத் தூசி தட்டாமல் விட்டதில்லை, வந்து சாப்பிடு. அந்தக் குழாய் உன்னிடமே இருக்கட்டும், ஒன்றே ஒன்று மறக்காதே, அதை இனிமேல் கழுவாதே.

உன் அம்மா,
ஹோசியத்