கதவை அடைக்கவிடாத அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை பெண்கள் வார்டைக் கழுவிவிட்டபோது எழுந்த பினாயில் வாடையில் உங்கள் ஞாபகம் வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேதான் தரை தேய்ப்பீர்கள். இராஜாக்கமங்கலத்துக் கடற்காற்றில் வளர்ந்த உங்களுக்கு அந்த வாடை கடைசிவரை பழகவில்லை. உங்களை அடக்கம் செய்து நாற்பது நாளாகிறது.

சர்க்கார் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வார்டர் வேலை என்றால் அன்றைக்கு ஊரில் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள். முப்பது பெண்களைக் குளிப்பாட்டி, சோறூட்டிக் காவல் காக்க ஒரே ஒருத்தி. விடியலில் உள்ளே போனதும் வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். சாவி தலைமை வார்டரின் இடுப்பில் இருக்கும். அந்தி சாய்ந்த பிறகுதான் கதவு திறக்கும்.

அன்று மத்தியானம் உள்ளே நீங்கள் இருந்தீர்கள். எனக்கு அன்று அடுக்களையில் முறை. அலறல் கேட்டு ஓடிவந்து கம்பி வழியாகப் பார்த்தேன். நோயாளிகளில் ஒருத்தியான பொன்னம்மை எதற்கோ மிரண்டு, சோற்றுத் தட்டால் உங்கள் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். தலைமை வார்டர் சாவியோடு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். கதவைப் பிடித்து உலுக்கியதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவர் வந்து திறந்தபோது நெற்றி பிளந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மடியில் தலைவைத்துப் பொன்னம்மை நடுங்கிக்கொண்டிருந்தாள். "மக்கா, இவளுக்குக் குடிக்க கொஞ்சம் வெள்ளம் கொண்டா" என்றீர்கள்.

மறுநாள் சூப்பிரண்டு ஒரு காகிதத்தை நீட்டினார். உங்களுக்கு எழுத்துத் தெரியாது. மிஷன் பள்ளியில் படித்த நான்தான் வாசித்துச் சொன்னேன். பொன்னம்மை ஆபத்தானவள், அவளைச் சங்கிலியில் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. நீங்கள் கைநாட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"அவ அடிச்சது அவளுக்க புத்தித் தீனத்துல. என்னை உள்ள போட்டுப் பூட்டினது நல்ல புத்தியுள்ள ஆளுவ. இதுல நான் கை வைக்க மாட்டேன்."

சூப்பிரண்டு காகிதத்தை மடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் துணி துவைக்கும் கல்லருகே நாம் ஆறு பெண் வார்டர்களும் கூடினோம். சாவி உள்ளே இருப்பவளிடம் வேண்டும், ஒரு நேரத்துக்கு இரண்டு பேர் வேண்டும், பொன்னம்மைக்குச் சங்கிலி கூடாது என்று சூப்பிரண்டுக்கு மனு எழுத முடிவு செய்தோம். மனுவின் முதல் வரியில் 'தாழ்மையுடன் யாசிக்கிறோம்' என்று எழுதியிருந்தேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தருமமா வாங்கப் போறோம்? கேக்கோம்னு எழுது, ஏட்டி" என்றீர்கள். அடித்துத் திருத்தினேன்.

மனுவைக் கொடுத்துப் பத்து நாளாகியும் பதில் வரவில்லை. நாளை முதல் வேலைக்கே போக வேண்டாம் என்றாள் நம்மில் ஒருத்தி. "அப்ப அந்த முப்பது பேருக்கும் சோறு யாரு குடுப்பா?" என்று கேட்டீர்கள்.

மறுநாள் வேலை எதுவும் நிற்கவில்லை. ஆனால் நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு நிலைக்கு முதுகைக் கொடுத்து, மற்றதில் காலை ஊன்றிக்கொண்டீர்கள்.

"எந்திரிச்சு மாறும். கதவை அடைக்கணும்" என்றார் தலைமை வார்டர்.

"என்னையும் சேத்து அடையும்."

அவருக்கு அடைக்கத் துணிவில்லை. ஐந்து நாள், முறை வைத்து அங்கே உட்கார்ந்தோம். ஒரு நோயாளிகூட ஓடவில்லை. பொன்னம்மை உங்கள் பின்னால் வந்து உட்கார்ந்து வெளியே மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஆண்கள் வார்டின் வாசலிலும் வார்டர்கள் உட்கார்ந்தார்கள். கடைசியில் மேலதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கேட்ட மூன்றும் கிடைத்தன. அதே வாரம், ஒழுங்கை மீறியதாக உங்களை மட்டும் வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நாங்கள் உள்ளே போக மாட்டோம் என்று நின்றோம். "ரெண்டு பேரு வேணும்னு கேட்டுட்டு, இப்ப ஒருத்திகூட இல்லாம ஆக்காதிய. உள்ள போங்க" என்றீர்கள். போனோம். நோயாளிகளை நினைத்துத்தான் போனோம். ஆனாலும் உங்களை வெளியே விட்டுவிட்டு அந்தக் கதவைத் தாண்டியதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பிறகு ஆண்களும் பெண்களும் சேர்ந்து சங்கம் வைத்தபோது, விதிகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஒருவரை நீக்கினால் எல்லோரையும் நீக்கியதாகக் கொள்வோம் என்பதை முதல் விதியாக எழுதினேன். போன வருஷம், வாரத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டதற்காக ஒரு வார்டரை நீக்கினார்கள். நோயாளிகளுக்குச் சோறும் மருந்தும் கொடுத்த நேரம் போக, மற்ற நேரமெல்லாம் அத்தனை பேரும் சூப்பிரண்டின் அறை முன்னால் நின்றோம். ஆறாம் நாள் அவரைத் திரும்ப எடுத்தார்கள்.

அதைச் சொல்லத்தான் உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். நீங்கள் படுக்கையில் கிடந்தீர்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லீவு கெடச்சுதா?" என்றீர்கள்.

"இல்லக்கா."

"பின்ன இங்க என்ன செய்யுதே? போய்க் கேளு."

செவ்வாய்க்கிழமை மறுபடியும் லீவு கேட்கப் போகிறோம், அக்கா. சூப்பிரண்டின் அறைக்குள் நுழைய இப்போதும் எனக்குப் பயம்தான். பயந்துகொண்டே போய்க் கேட்பேன்.