அத்தா பார்க்கும் வேலை

அன்புள்ள ஆரிஃப் அண்ணனுக்கு, அஃபீஃபா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது நான் முதலில் பார்த்தது அவர் கண்களைத்தான், மிளகாய்த்தூள் பட்டது போலச் சிவந்திருந்தன. இப்போது தெளிந்துவிட்டன, கஞ்சி குடிக்கிறார், பயப்படாமல் படியுங்கள். நாங்கள் நலம், துபாயில் நீங்களும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். அம்மா சொல்லச் சொல்ல எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இதை மட்டும் நீயே சொல்லு என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். போனில் எனக்குப் பேச்சு வராது. சனிக்கிழமை அங்கே திரும்பும் மீரான் மாமாவிடம் இதைக் கொடுத்து விடுகிறோம்.

அத்தாவுக்கு மூன்று நாள் காய்ச்சல், கெண்டைக்காலைத் தொடவே விடவில்லை. மழையில் நனைந்ததுதான் என்று கடை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பக்கத்து வீட்டு சாரா மாமிதான் பிடிவாதமாகப் பாலக்கரையில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார், நானும் கூடப் போனேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அத்தா மாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துவாக்குடியில கம்பெனி ஸ்டோர்ல இருக்கேங்க என்றார். உங்களுக்கு மெஹ்ரீனைப் பேசியிருப்பது மாமிதானே, மாமியிடமும் பெண் வீட்டிலும் நாம் அப்படித்தானே சொல்லி வைத்திருக்கிறோம். டாக்டரம்மா சாதாரணக் காய்ச்சலுக்குச் சீட்டு எழுதத் தொடங்கினார். பூட்ஸுக்குள்ள தண்ணி எறங்குது, எலி வேற காலுக்குள்ள ஓடுது என்று அத்தா அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவு வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே, ஸ்டோர் இல்லைங்க, ஊர்ச் சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ற எடத்துல அத்தா குப்பை அள்ளுறாங்க என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அத்தாவின் காலை அழுத்திப் பார்த்தார், குதிகால் வெடிப்பையும் பார்த்தார். எலிக்காய்ச்சலாக இருக்கலாம், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி இந்த வெடிப்பு வழியாக உள்ளே போயிருக்கும், விட்டால் சிறுநீரகத்தைப் பிடித்துவிடும் என்று அன்றே பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தத்தைப் பார்த்ததில் அதேதான், ஊசி போட்டுப் போட்டுச் சரி செய்தார்கள்.

ஆட்டோவில் மாமி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். உங்கள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதேன். நான்காம் நாள் மாமி பிளாஸ்கோடு வந்து அத்தாவின் கட்டிலருகே நின்றார். ஏன் சலாம் அண்ணே, குப்பை அள்ளுறதுக்கு வெக்கம், பொய் சொல்றதுக்கு வெக்கமில்லையாக்கும், நான் பொண்ணு வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிட்டேன், மெஹ்ரீனோட அத்தாதான் கொஞ்சம் யோசிக்கிறாரு, மெஹ்ரீன் யோசிக்கலை என்றார். காய்ச்சல் வந்த பிறகு அத்தா அன்றுதான் சிரித்தார்.

அம்மா வந்துவிட்டார், இனி அவர் சொல்வது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல துணையும் தருவான் தம்பி, வேளைக்குச் சாப்பிடு, மெஹ்ரீன் வீட்டுக்கு நீயே போன் செய்து உண்மையை உன் வாயாலும் சொல்லு, மறக்காதே. அத்தா சொல்வது, ஓட்டை பூட்ஸோடு இனி இறங்கமாட்டேன், புதுசு கேட்டு வாங்கிவிட்டேன்.

இதுவரை எழுதியபோது, அத்தாவோடு வேலை பார்க்கும் செபஸ்தியான் மாமாவுக்கும் இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. பேனாவை மூடிவிட்டு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே அவர் பார்க்கும் வேலையைச் சொன்னேன்.

உங்கள் தங்கை,
அஃபீஃபா