மாதா தராத பள்ளிக்கூடம்

அன்புள்ள மகள் ஷிரோமிக்கு,

ஆண்டவர் துணையால் இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் சுகம். மொன்றியல் குளிரில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். மாதாவோடு திரும்பவும் கதைக்கத் தொடங்கிவிட்டேன், நீ சிரிப்பாய் என்று தெரியும்.

சின்னப் பள்ளிக்கூடம் முடித்துத் தம்பி போகவேண்டிய எங்கள் லா சப்பல் பக்கத்துக் கொலேஜையும் மேட்டுப் பக்கத்து வசதியான பிள்ளைகளின் கொலேஜையும் நகரசபை ஒன்றாக்கப் போகிறது என்றதும் எங்கள் சனம் எல்லாம் கத்தோலிக்கத் தனியார் கொலேஜுக்கு ஓடியது, நானும் ஓடினேன். தம்பி தனூஜன் ஒரு பக்கம் வாசிக்கவே திணறுகிறவன், அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே அவமானப்பட்டுப் போவானே என்ற பயம். தனியாரில் இடம் கிடைத்தால் லூர்து மாதாவிடம் போய் அவனுடைய உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்ந்தேன். கிடைக்கவில்லை. வீட்டு மாதா சுருவத்துக்கு முன்னால் விளக்குக்கூட ஏற்றாமல் கோபம் சாதித்தேன்.

இப்போது சொல்கிறேன், மாதா தராதது எவ்வளவு நல்லது. தம்பி போய்ச் சேர்ந்த, ஒன்றாக்கிய புதுக் கொலேஜுக்கென்று அரசாங்கம் தனியாகக் காசு ஒதுக்கி, வகுப்பில் பிள்ளைகளைக் குறைத்து, கூடுதல் ஆசிரியர்களையும் போட்டிருக்கிறது. அதில் மதாம் ஆரெலி என்பவர் தம்பியைப் பக்கத்தில் இருத்திப் பார்த்துவிட்டு, இவன் மந்தமில்லை, எழுத்துகள் குழம்புகிற குறை இருக்கிறது, அதற்குப் பயிற்சியும் இருக்கிறது என்றார். சின்னப் பள்ளிக்கூடத்தில் வீட்டுத் தமிழ்தான் காரணம் என்று சொன்னதை நம்பி, அவனோடு அரைகுறைப் பிரெஞ்சில் மாரடித்தோமே பிள்ளை. தமிழை விடவேண்டாம் என்று மதாம் சொன்னபோது எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மேட்டுப் பக்கத்துப் பொடியன் ஒருவனுக்கும் இதே குறையாம், பயிற்சிக்கு ஒன்றாகப் போய் இருவரும் இப்போது நல்ல கூட்டு. நேர்த்தியைச் செய்யப் போகிறேன் என்றதற்கு அப்பா, கேட்டதைத் தராததுக்கு என்னத்துக்கு மெழுகுதிரி, உனக்கென்ன விசரே என்றார். பிறகு அவரே ரயிலுக்கு ரிக்கற் எடுத்து வந்தார். கொலேஜுக்கு அரசாங்கம் தருகிற காசு தொடர்ந்து வருமோ தெரியாதாம். நிறுத்தக்கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் என் பிரெஞ்சிலேயே எழும்பிச் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, சாப்பாட்டைத் தவறவிடாதே. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக. இதனோடு தம்பி உனக்குப் பிரெஞ்சில் எழுதிய தாளையும் வைத்திருக்கிறேன். ஒருவரும் சொல்லி எழுதவில்லை, தானாக மேசையில் இருந்து எழுதினான். பிழை திருத்தி அனுப்பிவிடாதே பிள்ளை. நீளமாகப் பதில் எழுது, அவன் வாசிப்பான்.

என்றும் அன்புடன்,
அம்மா
பேர்ளி ஞானரட்ணம்